அப்பாவின் பிளாப்பிகளில் உள்ள தமிழை மீட்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அப்பா 1996 முதல் 2001 வரை ஊர்க் கோவிலின் பழைய நிலக்கணக்குகளைப் படியெடுத்துக் கணினியில் தட்டச்சு செய்து, பதினொரு பிளாப்பிகளில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டை மட்டும் திறந்து பார்த்தீர்கள். ஒன்றில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள், இன்னொன்றில் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். கணினிக் கடையில் காட்டியபோது கோப்பு கெட்டுவிட்டது என்றார்கள். உண்மையிலேயே அழிந்துவிட்டதா, எப்படி மீட்பது, ஏன் இப்படி ஆனது என்று கேட்கிறீர்கள்.

கெடவில்லை. முதல் கோப்பின் தொடக்கத்தை நீங்களே எழுதிக் காட்டியிருக்கிறீர்கள்: ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஒரு அரைப்புள்ளி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் (ஃபாண்டில்) ஜே என்பது த. கே என்பது ம. பி என்பது இகரக் கொக்கி. ஓ என்பது ழ. அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி. சேர்த்துப் படியுங்கள்: தமிழ். உங்கள் அப்பா தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அந்தத் தகட்டில் அப்படியே இருக்கிறது. அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துருதான் உங்கள் கணினியில் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பதை முதலில் சொல்கிறேன். அது புரியாமல் மீட்க இறங்குகிறவர்கள்தான் இருப்பதையும் இழக்கிறார்கள்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற ஒப்பந்தம் வந்தது. தொலையச்சுக் கருவிகளை மனத்தில் வைத்து உருவான அதில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பின்னர் ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பது வழக்கமானபோது மேலே இன்னொரு 128 இடங்கள் கிடைத்தன. அவற்றை ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்டன. தமிழுக்கு இடம் இல்லை.

இடம் இல்லாத வீட்டில் தமிழர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்பதுதான் உங்கள் பிளாப்பிகளின் கதை. எண்ணை மாற்ற முடியாது, ஆனால் அந்த எண்ணுக்குத் திரையில் தோன்றும் படத்தை மாற்றலாம். ஆங்கில ஜே இருக்கும் இடத்தில் த என்ற படத்தை வைத்து ஒரு எழுத்துருக் கோப்பைச் செய்துவிட்டால் போதும். கணினி தன்னிடம் ஜே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன் என்று தனித்தனி மனிதர்கள் தங்கள் உழைப்பில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, தமிழ்க் கவிதைகள் கணியன் வழியாகத்தான் ஏறின. இன்று கைப்பேசியில் நாம் கூச்சமில்லாமல் தமிழில் எழுதுவதற்கு இவர்களுக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் முடிவின்படி எண்களைப் பங்கிட்டார்கள். ஒரு எழுத்துருவில் க இருந்த எண்ணில் இன்னொன்றில் ணு இருந்தது. மின்னஞ்சலில் தமிழ்க் கடிதம் அனுப்பினால், எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

பாமினியும் அதன் உறவினர்களும் வேறு ஒரு வழியில் வந்தவை. ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வடிவம் கொடுத்தவர். தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்கு ‘யளனகப’ என்ற முதல் பாடம் இன்றும் விரலில் இருக்கும். பாமினி அந்த விசைப்பலகையை அப்படியே எழுத்துருவாக்கியது. ஆங்கிலப் பலகையின் நடு வரிசையில் இடக்கைச் சிறுவிரலில் தொடங்கி வரிசையாகத் தட்டினால் அதே யளனகப வரும். பயிலகத்தில் தேர்ச்சி பெற்றவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஈழத்திலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் பாமினி வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பா தட்டச்சு படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், எனவே முதல் பிளாப்பி பாமினியில் இருப்பது வியப்பில்லை.

தட்டச்சுப்பொறியின் மரபில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் தட்டும். கொ என்று எழுத வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். நாம் வாயால் சொல்லும்போது க் முதலில், ஒ பிறகு. தட்டச்சுப்பொறிக்குக் கொம்பு முதலில். பழைய எழுத்துருக்களில் சேமித்த கோப்புகள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன: எழுத்து சேமிக்கப்படவில்லை, எழுத்தின் உருவத் துண்டுகள் இடமிருந்து வலமாக அடுக்கிச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் இரண்டாவது பிளாப்பி வேறு காலத்தைச் சேர்ந்தது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதையொட்டி உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் விவாதித்து உருவாக்கிய ஒப்பந்தம்தான் திஸ்கி. கீழே உள்ள 128 இடங்களில் ஆங்கிலத்தைத் தொடாமல் விட்டுவிட்டு மேலே உள்ள 128 இடங்களில் தமிழை வைத்தார்கள். ஒரே கோப்பில் இரண்டு மொழியும் எழுதலாம், எழுத்துருவை மாற்ற வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களையும் பிற்கால நூல்களையும் தன்னார்வலர்களின் கையால் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்தது. அதன் தொடக்ககால மின்னூல்கள் திஸ்கியில் பரவின. பணம் வாங்காமல், ஒருவரையொருவர் நேரில் பார்க்காமல், ஓய்வு நேரத்தில் செய்த அந்த வேலையை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

அந்த மேல் 128 இடங்களும் முழுக்கக் காலியாக இருக்கவில்லை என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. எண் 173 ஐரோப்பிய ஒப்பந்தத்தில் ‘தேவைப்பட்டால் மட்டும் தோன்றும் இணைப்புக்கோடு’. திஸ்கியில் அந்த இடம் இ என்ற எழுத்துக்குப் போயிருந்தது. சில மென்பொருள்கள் 173-ஐக் கண்டதும் அது தேவையில்லாத கோடு என்று மறைத்துவிட்டன, பக்கத்தில் இகரம் மட்டும் காணாமல் போனது. அதனால் 1.7 பதிப்பில் இ-க்கு 254-இல் இடம் கொடுத்தார்கள். உங்கள் இரண்டாவது கோப்பை மாற்றும்போது ‘இந்த’ என்ற சொல் ‘ந்த’ என்று வந்தால் பதற வேண்டாம். கோப்பு திஸ்கியின் முந்திய பதிப்பில் இருக்கிறது என்று பொருள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த தமிழ்நெட் மாநாடு நடந்தது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் டேப், டேம் என்ற இரண்டு குறியேற்றங்களையும் (எந்த எண் எந்த எழுத்து என்ற ஒப்பந்தங்களையும்) தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. டேப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, டேம் தமிழுக்கு மட்டும். விசைப்பலகை மிக நல்ல வேலை: உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். இந்தப் பதிலை அதில்தான் தட்டுகிறேன். ஆனால் குறியேற்றத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி, வெளிநாட்டுத் தமிழரிடம் திஸ்கி, ஈழத்தவரிடம் பாமினி, அரசாணையில் டேப். உங்கள் அப்பா 2001 வரை தட்டச்சு செய்திருப்பதால், மீதி ஒன்பது பிளாப்பிகளில் மூன்றாவது, நான்காவது வகைகளும் இருக்கலாம்.

இவ்வளவு நடந்துகொண்டிருந்தபோது, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒப்பந்தமான யூனிகோடு எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். 1991-இலேயே இருந்தது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. ஆனால் அது உருவத் துண்டுகளைச் சேமிக்காமல் எழுத்தைச் சேமிக்கிறது: க முதலில், ஒகரக் குறி பிறகு. கொம்பைக் க-வுக்கு முன்னால் கொண்டுபோய் வரைவது கணினியின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த முதல் விண்டோஸ் 2000-இல்தான் வந்தது, லதா என்ற எழுத்துருவோடு. அதுவரை சாதாரண மனிதர் கையில் யூனிகோடு இருந்தும் பயனில்லை. எனவே திஸ்கிக்கும் பாமினிக்கும் வீணாக உழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யூனிகோட்டின் தமிழ் அமைப்பு எனக்கு முழு நிறைவு தரவில்லை. இந்திய அரசின் இஸ்கி என்ற முந்தைய திட்டத்தை அடியொற்றி, எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சில் இடம் ஒதுக்கினார்கள். அதனால் க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று வெற்றிடங்கள் இருக்கின்றன, தமிழில் இல்லாத எழுத்துகளுக்காக. மெய்யெழுத்தை அடிப்படையாக வைக்காமல் அகரமேறிய மெய்யை வைத்து, புள்ளியைத் தனியாக ஒட்டினார்கள். தமிழ் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்ற கோரிக்கை அதனால்தான் எழுந்தது, 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு சேர்த்து அறிவித்த தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட் குறியேற்றம் அந்தக் கோரிக்கையின் வடிவம். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், உங்கள் அப்பாவின் கோப்புகளை எதில் மாற்றி வைப்பது என்று கேட்டால் தயங்காமல் யூனிகோடு என்பேன். ஒருமுறை ஒரு எழுத்துக்குக் கொடுத்த எண்ணை என்றைக்கும் மாற்ற மாட்டோம், நீக்க மாட்டோம் என்பது அதன் விதி. பாமினியில் எழுதியவர் பாமினி எழுத்துருவை நம்பியிருந்தார். யூனிகோட்டில் எழுதுகிறவர் எந்த எழுத்துருவையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. இடம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பாமினியில் ‘தமிழ்’ ஐந்து பைட், இதில் பதினைந்து. ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 14,74,560 பைட்தான் என்பதால் அன்று அது பெரிய விஷயம். இன்று உங்கள் பதினொரு பிளாப்பிகளும் கைப்பேசியில் எடுத்த சில படங்களின் அளவுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் தகடு. காந்தப் பூச்சு காலப்போக்கில் வலுவிழக்கும், பூஞ்சை பிடிக்கும். உங்களிடம் இருப்பவை 25 ஆண்டு பழையவை, ஒவ்வொரு முறை சுழற்றுவதும் ஆபத்து. மூன்றரை அங்குலத் தகட்டின் ஓரத்தில் நகரும் சிறு கட்டை இருக்கும். அதை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி செய்யுங்கள், அப்போது யாரும் தவறுதலாகக்கூட அதில் எழுத முடியாது. யூஎஸ்பியில் இணைக்கும் பிளாப்பி இயக்கி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, தகட்டை முழுமையாக ஒரே படிமக் கோப்பாக நகலெடுங்கள். கோப்பு கோப்பாக நகலெடுத்தால், ஓரிடத்தில் படிக்க முடியாமல் போகும்போது அந்தக் கோப்பு முழுவதும் கைநழுவும். படிமத்தில் அந்த ஒரு பகுதி மட்டும்தான் போகும்.

அடுத்தது மிக முக்கியம். மூலக் கோப்பை எந்த மென்பொருளில் திறந்தாலும் ‘சேமி’ என்பதை அழுத்தாதீர்கள். புதிய மென்பொருள்கள் உங்களைக் கேட்காமலே நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள். ஒரு நண்பரின் குடும்ப வரலாறு இப்படித்தான் சிதைந்து என்னிடம் வந்தது. ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் ஊகித்து ஊகித்துச் சரிசெய்தோம்.

பிறகு எந்தக் குறியேற்றம் என்று அடையாளம் காண வேண்டும். வேர்டில் செய்த கோப்பானால் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே நிற்கும். டிஎஸ்சி என்று தொடங்கினால் திஸ்கி. டேப், டேம் என்று தொடங்கினால் அவையே. வெறும் உரைக் கோப்பானால் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரண ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் மட்டும் இருந்தால் பாமினி வகை. கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் திஸ்கி, டேப், வானவில் போன்றவை. தலையில் சாய்கோடு உள்ள சிறிய ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக் குறியும் திரும்பத் திரும்ப ஜோடியாக வந்தால் அது ஏற்கெனவே யூனிகோடு. த என்ற எழுத்தின் மூன்று பைட்கள் 224, 174, 164. முதல் இரண்டையும் ஐரோப்பிய ஒப்பந்தத்தில் படித்தால் கிடைக்கும் உருவங்கள்தான் அவை. அதற்கு மாற்றும் மென்பொருளே வேண்டாம், யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் போதும்.

மாற்றுவதற்கு நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றியும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் பல ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்தியவை. முழுக் கோப்பையும் கொடுக்காமல், முதலில் உங்களுக்குத் தெரிந்த நான்கு வரிகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஊரின் பெயரும் கோவிலின் பெயரும் சரியாக வந்தால் தேர்வு சரி. பாமினிக் கோப்பில் நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும், அந்த இடங்களை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள் இருந்தால் அந்த மென்பொருள் உள்ள அச்சகம் ஒன்றில் திறந்து உரையை மட்டும் தனியே ஏற்றுமதி செய்து வாங்குங்கள். பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் ஏமாறாதீர்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்திருப்பதால் பார்க்க அழகாக இருக்கும், அதிலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்தால் மறுபடியும் பழைய ஆங்கில எழுத்துகளே வரும்.

மாற்றிய பிறகு எந்திரத்தால் தீர்க்க முடியாத ஒரு பிழை எஞ்சும். தட்டச்சுப்பொறி மரபில் கௌ என்பதற்குக் கொம்பு, க, ள என்று தட்டினார்கள், ஔகாரத்தின் வால் பார்வைக்கு ள போலவே இருப்பதால். கெள என்பதற்கும் அதே மூன்று விசைகள். மாற்றிக்கு வேறுபாடு தெரியாது. பௌர்ணமி என்பது ‘பெளர்ணமி’ ஆகவும் சௌந்தரராஜப் பெருமாள் என்பது ‘செளந்தரராஜப் பெருமாள்’ ஆகவும் வந்து நிற்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. கோவில் கணக்கில் இந்தச் சொற்கள் நிறைய வரும் என்பதால், மாற்றிய கோப்பில் எகரக் கொம்பை அடுத்து ள வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடி நீங்களே பார்க்க வேண்டும். வெள்ளம், தெளிவு போன்றவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் திருத்துங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்தி. அப்பா எடுத்துவைத்த அச்சுப்படிகளில் சில இடங்கள் காலியாக இருக்கின்றன, அங்கே பேனாவால் ஏதோ சுழித்திருக்கிறார் என்றீர்கள். அவை கிறுக்கல்கள் அல்ல என்று உறுதியாக நினைக்கிறேன். பழைய நிலக்கணக்கில் மா என்பது 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. குழி, வேலி, நஞ்செய், புஞ்செய், காசு, பணம், பொன், வராகன் என்பவற்றுக்கும் உண்டு. உங்கள் அப்பா பயன்படுத்திய பாமினியிலோ திஸ்கியிலோ அவற்றுக்கு இடம் இல்லை. அவர் இடம் விட்டுத் தட்டி, அச்செடுத்து, கையால் எழுதியிருக்கிறார். 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் தமிழுக்குத் துணைப் பகுதி ஒன்று சேர்ந்தது. அதில் 51 குறிகள், நான் சொன்னவை எல்லாம் அதில் இருக்கின்றன. நோட்டோ என்ற எழுத்துரு வரிசையில் அதற்கான எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. எனவே அந்த அச்சுப்படிகளைப் பத்திரமாக வையுங்கள். கோப்பில் எங்கெல்லாம் காரணமின்றி நீண்ட இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் அச்சுப்படியில் அதே வரியைத் தேடி, அப்பா பேனாவால் எழுதிய குறியை உரிய எழுத்தாகவே இப்போது தட்டிவிடலாம். எந்தக் குறி எது என்று தெரியாத இடங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.